பால் கிருமியின் ஆயுதம்

சீஸ் டப்பாவில் ‘இ-234’ என்று பொடி எழுத்தில் இருந்தால் நின்று பார்ப்பேன். அது நிசின். லாக்டோகாக்கஸ் என்ற பால் பாக்டீரியா, போட்டிக் கிருமிகளைக் கொல்லச் சுரக்கும் 34 அமினோ அமிலச் சங்கிலி. எதிரியின் சவ்வில் ஓட்டை போட்டுவிடும்.

அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் இதன் மரபணுவில் கண்டபடி மாற்றங்களைப் புகுத்தி, ஆயிரக்கணக்கான வகைகளை உண்டாக்கினார்கள். சோதனை எளிது: கெட்ட கிருமி கலந்த அகார் தட்டில் ஒவ்வொரு வகையையும் சுரக்கும் பாக்டீரியாவை வளர்த்து, மறுநாள் சுற்றிலும் கிருமி வளராமல் தெளிந்திருக்கும் வட்டத்தை அளப்பது. பெரிய வட்டத்தைக் கண்டதும் துள்ளக் கூடாது! பாக்டீரியா அதிகமாகச் சுரந்தும் ஏமாற்றும்; நிசினைப் பிரித்துச் சுத்தமாக்கி, சம அளவில் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

சங்கிலியின் நடுவே வளையும் ‘கீல்’ பகுதியில் மாறியவற்றில் சில ஜெயித்தன. 21ஆம் இடத்து மெத்தியோனின் வேலினாக மாறிய ‘நிசின் வி’, உணவை நஞ்சாக்கும் லிஸ்டீரியாவைப் பழைய நிசினைவிடப் பலமாகத் தாக்குகிறது.