வாந்திபேதியா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்!

"குழந்தைக்குத் தண்ணியே குடுக்காதே. குடுத்தா இன்னும் போகும்!"

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு கண்டால், பெரியவர்கள் இப்படிச் சொல்வதை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் காலராவில் இந்த யோசனையே உயிருக்கு எமனாகிவிடும்.

'காலராவெல்லாம் அந்தக் காலத்து வியாதி' என்று நினைக்காதீர்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் அது பரவி, பள்ளிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று.

கிருமி அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகக் குடலுக்குள் போகிறது. அங்கே அது கக்கும் நஞ்சு, உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் வெளியே கொட்ட வைக்கிறது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி பேதியாகும், கூடவே வாந்தி. கடுமையாகத் தாக்கினால் சில மணி நேரத்திலேயே ஆபத்து. ஆளைக் கொல்வது இந்த நீர் வற்றல்தான்.

டம்ளரால் பிழைத்த உயிர்கள்

1971. வங்க தேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் போங்காவ் என்ற ஊரில் காலரா. ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். சலைன் பாட்டில்களோ தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளர் டம்ளராகக் கொடுக்கச் சொன்னார். 100-க்குச் சுமார் 30 பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில், அது 4-க்கும் கீழே இறங்கியது!

ரகசியம் எளியது. குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிப் போகிறது; அதன் பின்னால் தண்ணீரும் போகிறது. காலரா நஞ்சு இந்த வழியை அடைப்பதில்லை.

உங்கள் கையில் உள்ளது

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண் திட்டம் கூடாது. உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பெரிய குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, கழுநீர் போலப் பேதியானாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழியிலும் கரைசல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

வராமல் காக்க

குடிநீர் தளதளவென்று கொதிக்கட்டும். மூடி வைத்து, நீண்ட பிடியுள்ள கரண்டியால் மொண்டு எடுங்கள். கக்கூஸ் போய்வந்த பிறகும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாப்பாட்டைச் சுடச்சுடப் பரிமாறுங்கள். ஈ மொய்த்த பண்டம் வேண்டவே வேண்டாம்.

இன்றே இரண்டு பாக்கெட் வாங்கி அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வையுங்கள். பாட்டி "தண்ணி குடுக்காதே" என்றால், சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டுங்கள்!