எங்கள் வளவுக்குள் வந்த கோச்சி



எங்கள் ஊர் குருக்கள்மடத்துக்கு ரயில் வருவதில்லை. 1928ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளம் நகரத்து நிலையத்தோடு நின்றுவிட்டது. தெற்கே கல்முனைப் பக்கம் போக வேண்டுமென்றால் பஸ்தான். வாவிக்கு அக்கரையில் உள்ள அம்பிளாந்துறைக்குப் போக படகுப்பாதை இருக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டு வளவுக்குள் ஒரு கோச்சி ஓடுகிறது. அது எப்படி வந்தது என்பதையும், அதனால் நாங்கள் கற்றுக்கொண்டதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா ரயில்வே தொழிலாளி. இளவயதில் வேலை கிடைத்துப் போன இடம் களனிவெளிப் பாதை. கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு 1902இல் திறக்கப்பட்ட பாதை அது. பிறகு இரத்தினபுரிக்கும் அதற்கு அப்பால் ஓப்பநாயக்கவுக்கும் நீண்டது. மற்றப் பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தரை அடி இருக்கும். இங்கே இரண்டரை அடிதான், அதாவது 762 மில்லிமீற்றர். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கிடையே வளைந்து வளைந்து போவதற்கு ஒடுங்கிய பாதைதான் வசதி, செலவும் குறைவு. தண்டவாளம் பார்க்கும் கேங்கில் அப்பா பல வருடம் வேலை செய்தார். அவிசாவளைக்கு அப்பால் இருந்த பாதை 1970களில் மூடப்பட்டது. மிச்சப் பகுதி 1990களில் அகலப்பாதையாக மாறியது. அப்பா பழகிய பாதை இன்று எங்கேயும் இல்லை.

அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். முதலில் சாவியை மறந்தார். பிறகு சாப்பிட்டதை மறந்தார். "வயசு போனா அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். காலையில் வேலியடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "புள்ள, கோச்சி எத்தின மணிக்கு?" என்று கேட்பார். "இஞ்ச கோச்சி இல்லையப்பா" என்று சொன்னால் கோபம் வரும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே கேட்பார்.

ஒரு நாள் நான் சமைத்துக்கொண்டிருந்த நேரம் அப்பாவைக் காணவில்லை. பிரதான வீதியில் லொறியும் பஸ்ஸும் போகிற போக்கு உங்களுக்குத் தெரியும். நெஞ்சு பதைக்க ஓடினேன். படகுப்பாதையடியில் நின்றவர்கள்தான் அவரைப் பிடித்து இருத்தி வைத்திருந்தார்கள். அவிசாவளைக்கு டிக்கெட் கேட்டாராம். அன்றிரவு நான் தூங்கவில்லை. கேற்றுக்குப் பூட்டுப் போடத்தான் வேண்டுமா? பெற்ற தகப்பனைப் பூட்டி வைப்பதா?

வைத்தியரிடம் கூட்டிப் போனோம். இரத்தம் சோதித்தார்கள். தைரொயிட் குறைபாடும் விற்றமின் பி12 குறைபாடும் மறதியை உண்டாக்கலாம், அவற்றுக்கு மருந்து உண்டு என்று சொன்னார்கள். அப்பாவுக்கு அவை இல்லை. மறதி நோய்தான். "இதை மாற்ற ஏலாது. ஆனால் மூளை மறந்ததைக் கை லேசில் மறக்காது. பழகின வேலை ஏதும் இருந்தால் கொடுங்கோ" என்றார் வைத்தியர்.

அப்பா பழகின வேலை தண்டவாளம் போடுவது! அதற்கு நான் எங்கே போவேன்?

வழி காட்டியவன் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன். வெளிநாடுகளில் வீட்டுத்தோட்டத்தில் சின்ன ரயில் ஓட்டுகிறார்களாம். ஜேர்மனியில் லேமன் என்ற நிறுவனம் 1968இல் அதற்கென்றே ரயில் செய்து விற்கத் தொடங்கியதாம். அதில் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீற்றர். மகன் கணக்குப் போட்டான்: 762ஐ 45ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17. அப்படியென்றால் களனிவெளிப் பாதையைப் பதினேழில் ஒன்றாகச் சுருக்கினால் எங்கள் வளவுக்குள் அடங்கிவிடும். ஐந்தரை அடி ஆள் பத்து சென்றிமீற்றர் பொம்மை ஆகிவிடுவார்.

கடையில் விற்கும் ரயில் எங்கள் கைக்கு எட்டாத விலை. அதனால் நாங்களே செய்தோம். கதவு, யன்னல் செய்கிறவர்கள் பாவிக்கும் அலுமினியப் பட்டையில் 3 மில்லிமீற்றர் கனமும் 12 மில்லிமீற்றர் அகலமும் உள்ளதை வாங்கினோம். உப்புக்காற்றுக்கு இரும்பு துருப்பிடித்துவிடும். பழைய பனஞ்சிலாகையை ஒன்பது சென்றிமீற்றர் துண்டுகளாக அறுத்து சிலிப்பர் கட்டை ஆக்கினோம். மூன்று வாள் அலகுகளைச் சேர்த்துக் கட்டி அறுத்தால், பட்டை இறுகி நிற்கும் அளவுக்குப் பிளவு விழும். நெட்டாக நிறுத்திய பட்டையை அதில் செருகிவிட்டால் அதுதான் தண்டவாளம். ஐந்து சென்றிமீற்றருக்கு ஒரு கட்டை வீதம், பத்து மீற்றர் சுற்றுக்கு இருநூறு கட்டைகள்.

மகன் முதல் துண்டைப் பூட்டி முடித்ததும் அப்பா கதிரையை விட்டு எழும்பி வந்தார். குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மனே, இது கோணல். கேஜ் எங்க?"

நாங்கள் விழித்தோம். ஒரு சிலாகைத் துண்டை எடுத்து, 45 மில்லிமீற்றர் அளந்து, தானே அளவுகட்டை செய்தார். அன்று முதல் அதுதான் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது.

மாரியில் எங்கள் வளவில் தண்ணீர் நிற்கும். அப்பா சொன்னபடி அரையடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, உடைந்த செங்கல் போட்டு, மேலே சல்லிக்கல் பரப்பி, நிலமட்டத்துக்கு மேலே பாதையை உயர்த்தினோம். தண்ணீர் வடிய ஓரமாகச் சிறிய கான் வெட்டினோம். "பாதைக்குத் தண்ணிதான் எதிரி" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். வளைவை ஒரு மீற்றர் ஆரைக்குக் குறையாமல் வைத்தோம். அதைவிட ஒடுங்கினால் பெட்டி தடம் விலகலாம்.

ஒரு பிழை நான் விட்டேன். பாதை அழகாக இருக்கட்டும் என்று பட்டைகளை இடைவெளி இல்லாமல் முட்ட வைத்துப் பூட்டச் சொன்னேன். மத்தியான வெயிலுக்கு நேரான பகுதி பாம்பு போல நெளிந்துவிட்டது. இரண்டு மீற்றர் அலுமினியம் இருபது பாகை சூடேறினால் ஒரு மில்லிமீற்றர் அளவு நீளும். போக இடம் இல்லாவிட்டால் பக்கவாட்டில் வளையும். அப்பா சிரித்தார். அம்மா போன பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது. மூட்டுக்கு மூட்டு ஒரு தீக்குச்சிக் கனம் இடைவெளி விட்டு, வெயில் ஏறுமுன் திரும்பப் பூட்டினார்.

எஞ்சினுக்கு, உடைந்த விளையாட்டுக் காரின் மோட்டரும் நான்கு பற்றறிகளும். விளிம்புள்ள சில்லுகளை லேத் பட்டறையில் கடைந்து எடுத்தோம். பெட்டிகள் மெல்லிய பலகையிலும் பால்மா ரின்னிலும் செய்தவை. பட்டைக்கும் சில்லுக்கும் கொடுத்த சல்லி, புதுச் சேலைக்கென்று நான் சீட்டில் சேர்த்தது. "கிழவனுக்கு விளையாட்டுச் சாமானா?" என்று அயலில் கேட்டார்கள். எனக்கு அது அப்பாவின் மருந்துச் செலவு.

அப்பாவுக்கு நோய் குணமாகவில்லை, சகோதரிகளே. அதை மறைக்க மாட்டேன். சில நாட்களில் என்னை அம்மா என்று கூப்பிடுகிறார். பேரனின் பெயர் அவருக்கு வருவதில்லை. ஆனால் காலையில் எழும்பியதும் அளவுகட்டையோடு பாதையைச் சுற்றி வருகிறார். விழுந்த இலையைப் பொறுக்குகிறார், தளர்ந்த கட்டையை இறுக்குகிறார். வீதிக்குப் போக அவருக்கு நேரமில்லை.

போன மாரியில் ஒரு விடியற்காலை அவருடைய படுக்கை வெறுமையாகக் கிடந்தது. பழைய பயம் என்னைப் பிடித்தது. கேற்றுக்கு ஓடினேன், அது சாத்தியபடி இருந்தது. பின்வளவில் கொட்டும் மழையில் அப்பா குந்தியிருந்தார். வெள்ளம் ஒரு மூலையில் சல்லிக்கல்லை அரித்துவிட்டது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அடைத்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்கு வாங்கப்பா" என்றேன். "காலைக் கோச்சி வரப்போகுது புள்ள, பாதை சரியில்ல" என்றார். நான் வாதாடவில்லை. குடையை அவர் தலைக்குப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நானும் கல் அள்ளினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மறதியை வயதின் மேல் போட்டுவிடாமல் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துண்டை அவருடைய சட்டைப் பையில் வையுங்கள். அவர் சொல்வது பிழை என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அவருடைய கை எந்த வேலையை அறிந்திருக்கிறது என்று பாருங்கள். வலை பின்னியவருக்கு நூலைக் கொடுங்கள். பாய் இழைத்தவருக்குப் பன்னைக் கொடுங்கள். வேலை திருத்தமாக வராவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது அப்பா "கோச்சி எத்தின மணிக்கு?" என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது.

"நாலு மணிக்கப்பா. மகன் பள்ளிக்கூடத்தால வந்த உடனே."