முக்திநாதனைச் சேவிக்க விசா வேண்டாம், ஆவணம் வேண்டும்

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் திருப்பாற்கடலும் பரமபதமும் இவ்வுடலோடு சென்று சேவிக்க இயலாதவை. எஞ்சிய 106 தலங்களுள் 105 பாரத மண்ணிலேயே உள்ளன. ஒன்று மட்டும் எல்லை கடந்து நேபாளத்தில் விளங்குகிறது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த திருச்சாளக்கிராமமே அது. இமயத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், முஸ்தாங் மாவட்டத்தில் உள்ள முக்திநாத் ஆலயத்தையே பெரும்பாலான அன்பர்கள் அத்திவ்ய தேசமாகச் சேவித்து வருகின்றனர்.

சைவ அன்பர்களுக்கோ காத்மாண்டுவில் பாக்மதி நதிக்கரையில் பசுபதிநாதர் காட்சி தருகிறார். அங்கே மூலஸ்தானப் பூஜை செய்யும் பட்டர்கள் வழிவழியாகக் கர்நாடகத்திலிருந்து சென்றவர்கள். சீதாபிராட்டி அவதரித்த ஜனகபுரியும் நேபாளத்தில்தான் உள்ளது. ஆகவே, வாழ்நாளில் ஒருமுறையேனும் நேபாள யாத்திரை சென்றுவர வேண்டும் என்ற ஆவல் முதியோர் பலருக்கும் இருப்பது இயல்பே.

இந்தியக் குடிமக்கள் நேபாளம் செல்ல விசா தேவையில்லை. ஆனால், விசா வேண்டாம் என்பதை ஆவணமே வேண்டாம் என்று பொருள் கொண்டு, யாத்திரையைப் பாதியில் இழந்தவர்களும் உண்டு.

கும்பகோணத்தைச் சேர்ந்த ஒரு தம்பதிக்கு நேர்ந்தது இது. கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 67. மனைவிக்கு 61. முக்திநாத் யாத்திரைக்கு முழுத் தொகையும் செலுத்தியிருந்தனர். "விசா கிடையாது, ஆதார் இருந்தால் போதும்" என்று ஏற்பாட்டாளர் கூறியதை நம்பி, இருவரும் ஆதார் அட்டையை மட்டுமே எடுத்துச் சென்றனர். தில்லி விமான நிலையத்தில் காத்மாண்டு விமானத்துக்கான சோதனை முகப்பில் கணவரின் அட்டை ஏற்கப்பட்டது. மனைவியின் அட்டை ஏற்கப்படவில்லை. "வாக்காளர் அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இருந்தது, கும்பகோணத்து வீட்டு இரும்புப் பீரோவில் பத்திரமாக இருந்தது.

உடன் வந்தோர் ஆசிரியரை மட்டுமாவது வரும்படி வற்புறுத்தினர். "சேர்ந்து சேவிப்பதாகத்தான் சங்கல்பம்" என்று கூறி அவர் திரும்பிவிட்டார். செலுத்திய தொகை திரும்பக் கிடைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே அட்டையோடு புறப்பட்ட இருவரில் ஒருவருக்கு வழி திறந்ததும் மற்றவருக்கு அடைபட்டதும் ஏன்?

விதி கூறுவது என்ன?

இந்தியாவும் நேபாளமும் 1950ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று அமைதி, நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டுக் குடிமக்கள் மற்ற நாட்டில் தடையின்றிச் சென்றுவர அதன் ஏழாம் பிரிவு இடமளிக்கிறது. உத்தராகண்டம், உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், சிக்கிம் ஆகிய ஐந்து மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் 1,700 கிலோமீட்டருக்கும் அதிகமான எல்லை இன்றும் திறந்த எல்லையாகவே இருக்கிறது.

எனினும் விமானப் பயணத்துக்கு அடையாள ஆவணம் கட்டாயம். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்திய விமானம் கடத்தப்பட்டதன் பின்னர் இந்த நடைமுறை உறுதியாயிற்று. இன்றைய விதியை வயதை அளவாகக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

15 வயதுக்கு மேல் 65 வயது வரை உள்ள பெரியவர்களுக்குச் செல்லத்தக்க பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். இவர்களுக்கு ஆதார் அட்டை போதாது. இவ்விரண்டும் இல்லாத 15 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள், பள்ளி முதல்வர் உரிய படிவத்தில் வழங்கும் அடையாளச் சான்றிதழைக் காட்டலாம்.

65 வயதைக் கடந்தவர்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சலுகை உண்டு. வயதையும் அடையாளத்தையும் உறுதிசெய்யும், புகைப்படத்துடன் கூடிய பிற ஆவணங்கள் அவர்களுக்கு ஏற்கப்படும். பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், மத்திய அரசு மருத்துவத் திட்ட அட்டை முதலியவை அவ்வகையின. ஆதார் அட்டை இவ்வரிசையில் 2019ஆம் ஆண்டுதான் சேர்ந்தது.

ஆசிரியருக்கு வழி திறந்ததும் அவர் மனைவிக்கு அடைபட்டதும் இந்த 65 என்ற எண்ணால்தான். குடும்பத் தலைவருக்குச் செல்லுபடியாவது எல்லோருக்கும் செல்லும் என்று கருதலாகாது. வீட்டில் ஒவ்வொருவரின் வயதையும் ஆவணத்தையும் தனித்தனியே சரிபார்ப்பதே நலம்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பெயர். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. ஓர் ஆவணத்தில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். மற்றொன்றில் தந்தை பெயரோ கணவர் பெயரோ விரிவாக இருக்கும். விமானச் சீட்டில் உள்ள பெயரும், காட்டப்போகும் ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வாக்காளர் அட்டையில் பிழை இருந்தால் படிவம் 8 அளித்துத் திருத்திக்கொள்ளலாம். யாத்திரைக்குச் சில மாதங்கள் முன்னதாகவே இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, அசல் ஆவணம். நகலையோ கைப்பேசியில் உள்ள படத்தையோ நம்பிப் புறப்படலாகாது. நகல் ஒன்றைத் தனிப் பையில் வைத்துக்கொள்வது, அசல் தொலைந்தால் உதவும். அத்தகைய இக்கட்டில் காத்மாண்டுவில் உள்ள இந்தியத் தூதரகம் தாயகம் திரும்புவதற்கான அவசரச் சான்றிதழ் வழங்கும்.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகனிடம் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை இருக்கலாம். அந்த அட்டை இந்தியா வருவதற்கே பயன்படும். நேபாள விதிகளின்படி அவர் அயல்நாட்டவரே. அவருக்குப் பாஸ்போர்ட்டும் நேபாள விசாவும் தேவை. அமெரிக்கர் முதலிய பல நாட்டவர்க்குக் காத்மாண்டு விமான நிலையத்திலேயே விசா பெறும் வசதி உண்டு.

நான்காவது, சாலை வழி. கோரக்பூர் அருகே சோனௌலி, பீகாரில் ரக்சால் ஆகிய எல்லைகள் வழியாகக் காசி, கயை யாத்திரையோடு இணைத்துச் செல்வோர் பலர். அவர்களும் மேற்கூறிய ஆவணங்களையே வைத்திருப்பது நல்லது. இந்திய வாகனத்திலேயே எல்லை கடந்தால், நேபாளச் சுங்கச் சாவடியில் நாள் கணக்கில் கட்டணம் செலுத்தி வாகன அனுமதி பெற வேண்டும்.

ஐந்தாவது, பணம். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற மதிப்பு 1993 முதல் மாறாமல் இருந்து வருகிறது. 100 ரூபாய் வரையிலான இந்திய நோட்டுகள் அங்கே தாராளமாகப் புழங்குகின்றன. அதற்கு மேற்பட்ட நோட்டுகளுக்கு நேபாள அரசு 2018இல் தடை விதித்தது. பின்னர் தளர்த்துவதற்கான முயற்சிகளும் நடந்துள்ளன. ஆதலால் புறப்படும் சமயத்து நிலவரத்தைக் கேட்டறிந்து, நூறு ரூபாய்க் கட்டுகளாக எடுத்துச் செல்வதே சிக்கலற்றது.

முக்திநாத் செல்வோர்க்கு மேலும் ஒரு சீட்டு தேவை. அத்தலம் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் இருப்பதால், அதற்கான நுழைவு அனுமதி பெற வேண்டும். பொக்காராவிலிருந்து ஜோம்சோம் செல்லும் சிறு விமானங்கள், பகலில் காற்று வலுப்பதற்கு முன்பாகக் காலையிலேயே பறக்கின்றன. வானிலை சரியில்லையெனில் ரத்தாகிவிடும். ஆகையால் கையில் ஓரிரு நாள் கூடுதலாக இருக்க வேண்டும். உயரமான மலைத்தலம் ஆதலால் இதயம், மூச்சு தொடர்பான உபாதை உள்ளோர் மருத்துவரின் ஒப்புதல் பெற்றே செல்ல வேண்டும்.

நேபாளம் வழியாகக் கயிலாய யாத்திரை மேற்கொள்வோருக்கு இச்சலுகை நேபாள எல்லையோடு முடிந்துவிடும். கயிலாயமும் மானசரோவரமும் திபெத்தில் இருப்பதால் பாஸ்போர்ட்டும் சீன அரசின் விசாவும் இன்றியமையாதவை.

விதிகள் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. ஏற்பாட்டாளரின் வாய்மொழியோடு நில்லாமல், தூதரக அறிவிப்பையும் விமான நிறுவனத்தையும் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

ஏழு மாதங்களுக்குப் பின், அந்தக் கும்பகோணத்துத் தம்பதி மீண்டும் புறப்பட்டனர். இம்முறை இருவர் கையிலும் வாக்காளர் அட்டை இருந்தது. முகப்பில் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முக்திநாத் ஆலயத்தைச் சூழ்ந்துள்ள 108 நீர்த்தாரைகளின் கீழ், உறையும் குளிரில், அந்த அம்மையார் ஒன்றையும் விடாமல் தலை கொடுத்து நடந்தார். பிறகு இருவரும் ஒன்றாகச் சந்நிதியில் நின்று, சங்கல்பித்தபடியே ஸ்ரீமூர்த்திப் பெருமானைச் சேவித்தனர்.

யாத்திரைக்கான எண்ணம் எழும்போதே பீரோவைத் திறந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் அட்டையையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். மற்றவற்றை முக்திநாதனும் பசுபதிநாதரும் நடத்தித் தருவார்கள்.