குப்பைக்குழியின் சூடு

கம்பம் பக்கம் திராட்சைக்கு எரு வைக்கிற நாளில் விடிகாலையிலேயே குப்பைக்குழியைக் கிளறுவார்கள். மண்வெட்டி இறங்கியதும் குபுகுபுவென ஆவி எழும். உள்ளே கை வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டிலும் சொகுசாக வாழும் பூஞ்சை ஒன்று உண்டு, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ். 50 டிகிரியைத் தாங்குகிற அதற்கு நம் உடம்பின் 37 டிகிரி ஒரு பொருட்டா? பெரும்பாலான பூஞ்சைகள் வாடிப்போகிற இடத்தில் இது முளைக்கும்.

அதன் வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான். நீங்களும் நானும் தினமும் நூற்றுக்கணக்கில் மூச்சில் இழுக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை. நுரையீரலில் காவலிருக்கும் அணுக்கள் விழுங்கிவிடும். தப்பி முளைத்து நூல்விட்டதை நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாகப் போய் அழிக்கும்.

புற்றுநோய்க்குத் தரும் கீமோ அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது. அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் நியூட்ரோபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே இறங்கி, இரண்டு மூன்று வாரம்கூட ஏறாமல் கிடக்கும். மார்பகக் கட்டிக்குக் கீமோ எடுப்பவருக்குப் பொதுவாக இவ்வளவு நீண்ட பள்ளம் வராது. அதனால் எல்லோருக்கும் பூஞ்சைத் தடுப்பு மாத்திரை தேவைப்படுவதில்லை.

வித்து உள்ளே நுழையாமலிருக்க எலும்பு மஜ்ஜை மாற்று வார்டுகளில் ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் காற்று வரும். அறைக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதல். கதவைத் திறந்தால் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. சீலையம்பட்டி மார்க்கெட்டில் வாங்கிய பூவோடு பார்க்க வரும் அத்தையை நர்ஸ் வாசலிலேயே நிறுத்துவதும் இதற்காகத்தான்.

முன்னே சொன்ன தடுப்பு மாத்திரை போசகோனசோல். பூஞ்சையின் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் வேண்டும், நமக்கோ கொலஸ்டிரால். அந்த எர்கோஸ்டிரால் உருவாவதை மருந்து தடுக்கிறது. திராட்சைப் பந்தலுக்கடியில் சாம்பல் நோய்க்குத் தெளிக்கிற ஹெக்சகோனசோலும் டெபுகோனசோலும் இதே அசோல் குடும்பம்தான்! இலையில் ஒட்டாதது மண்ணில் விழும். அங்கிருக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் மெல்லப் பழகிக்கொள்ளும். நெதர்லாந்தில் அசோல் மருந்தே சாப்பிடாத நோயாளிகளிடம் அசோலுக்கு மசியாத பூஞ்சை கிடைத்த பிறகுதான் மருத்துவர்கள் வயல்பக்கம் திரும்பினார்கள். 2012-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் அந்தப் பூஞ்சையில் இருந்த அதே மரபணு மாற்றத்தை இந்திய மண்ணிலும் கண்டார்கள்.

தோட்டக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். மேகமூட்டமாக ஒரு வாரம் போனால் பன்னீர் திராட்சைக் கொத்தெல்லாம் சாம்பல் பூத்துவிடும். கடன் கழுத்தை நெரிக்கும்.

ஆனால் அவரே கீமோ முடித்து மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தால், வெள்ளணு ஏறும்வரை வைக்கோல் போர் பக்கமும் போகக்கூடாது. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாமல், நடுராத்திரியானாலும் க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். எருக்குழியை அந்த மாசம் மச்சான் கிளறட்டும்.