தெருவில் நாய் 'ஆய்'... உற்றுப் பார்க்கும் குழந்தை!

"அஞ்சு நாளாச்சு டாக்டர், இவன் வெளிக்கே போகலை. வயிறு கல்லு மாதிரி இருக்கு..."

பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வந்த ஓர் இளம் தாய் இப்படித்தான் ஆரம்பித்தார். மடியில் இரண்டே முக்கால் வயதுப் பையன். பக்கத்தில் அவன் தாத்தா. பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. சாப்பாட்டிலும் பெரிய மாற்றம் இல்லை. அதுவரை தினமும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவன்தான்.

"திடீர்னு நின்னுச்சுன்னா ஏதாவது காரணம் இருக்கணுமே, வீட்டுல என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

தாத்தாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சொன்னா சிரிப்பீங்க டாக்டர். சாயங்காலம் இவனை நடக்கக் கூட்டிட்டுப் போவேன். தெருவுல எங்கே நாய் ஆய் கிடந்தாலும் நின்னுருவான். குத்தவச்சு உக்காந்து பாப்பான். இது யாரு ஆய் தாத்தா, பெரிய நாயா குட்டி நாயா, இது ஏன் வெள்ளையா இருக்குன்னு ஒரே கேள்வி. பத்து நிமிசத்துல போற தெருவுக்கு முக்கா மணி நேரம் ஆகும். நானும் பதில் சொல்லிக்கிட்டே இருப்பேன்..."

மருமகள் இடைமறித்தார். "நான்தான் டாக்டர் திட்டினேன். ஒரு நாள் நானும் கூடப் போனேன். குச்சியை எடுத்துக் கிண்டப் போயிட்டான். எதிர் வீட்டு அக்கா பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு மானமே போச்சு. சீ, அசிங்கம், இனிமே ஆய் பக்கம் போனா சூடு வைப்பேன்னு கையில ஒண்ணு போட்டுட்டேன். இனிமே இவனைக் கூட்டிட்டுப் போகாதீங்க மாமான்னும் சொல்லிட்டேன்."

"அது நடந்து எத்தனை நாள் கழிச்சு இவன் வெளிக்குப் போறதை நிறுத்தினான்?"

"ரெண்டு நாள்..." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை இறுக அணைத்துக் கொண்டார்.

அந்தத் தாய் செய்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் நாயின் மலத்துக்குச் சொன்ன 'சீ'யைக் குழந்தை தன் மலத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு விட்டது!

ஏன் பார்க்கிறது?

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி நின்று பார்க்கிறதா? பயப்பட வேண்டாம். புத்திக் கோளாறு இல்லை, கெட்ட பழக்கமும் இல்லை. இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் இது பல பிள்ளைகளிடம் காணப்படுவதுதான்.

முதல் காரணம் உயரம். இரண்டரை வயதுப் பிள்ளை சுமார் 90 சென்டிமீட்டர்தான் இருக்கும். நமக்குக் கடைப் பலகையும் பஸ்ஸும் கண்ணில் படுகிற தெருவில், அதற்குத் தரையில் கிடப்பதெல்லாம் பட்டுவிடும்.

இரண்டாவது, அந்த வயதில்தான் நாம் அதற்கு மலம் கழிக்கப் பழக்குகிறோம். "ஆய் வருதா? சொல்லணும். இங்கே உக்காரணும்" என்று நாள் முழுக்க அதே பேச்சு. பிள்ளையின் பெரிய பாடமே அதுதான். அந்தப் பாடம் தெருவில் கிடந்தால் நின்று பார்க்காதா? 'நான் சட்டியில் போகணும், நாய் மட்டும் தெருவில் போகலாமா?' என்பது நியாயமான கேள்விதானே!

மூன்றாவது, அருவருப்பு என்பது பிறக்கும்போதே வருவதில்லை. மெல்ல மெல்லத்தான் படிகிறது. 1986-ல் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் பால் ரோசின் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். வேர்க்கடலை வெண்ணெயையும் நாற்றமடிக்கும் பாலாடைக் கட்டியையும் பிசைந்து, அச்சு அசலாக நாய் மலம் போலவே உருட்டிச் சின்னக் குழந்தைகள் முன் வைத்தார்கள். இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளில் பாதிக்கு மேல் அதைத் தின்றே விட்டார்களாம்! வயது ஏற ஏறத்தான் வேண்டாம் என்று தள்ளினார்கள். ஆகவே 'இதுகூடவா தெரியாது' என்று கோபித்துப் பயனில்லை. நிஜமாகவே தெரியாது.

நான்காவது காரணம் நாம்தான். பிள்ளை பொம்மையைக் காட்டினால் "ம்" என்போம். நாய் மலத்தைக் காட்டினால் குதிப்போம், கத்துவோம், தூக்கிக்கொண்டு ஓடுவோம். இவ்வளவு வேடிக்கை காட்டுகிற பொருளைப் பிள்ளை சும்மா விடுமா?

கண்ணால் பார்த்தால் நோய் வராது

நோய் வருவது கை வழியாகவும் கால் வழியாகவும்தான். இதைச் சரியாகத் தெரிந்து கொண்டால் பாதி பயம் போய்விடும்.

நாயின் குடலில் ஒரு வகை உருண்டைப் புழு உண்டு. மருத்துவப் பெயர் டாக்சோகாரா. இதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வரும். புதிதாகக் கிடக்கும் மலத்தில் உள்ள முட்டை உடனே தொற்றாது. அது மண்ணில் கிடந்து பக்குவப்பட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் மலம் காய்ந்து, உதிர்ந்து, மண்ணோடு மண்ணாகியிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முட்டைகள் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். அந்த மண்ணில் விளையாடிய கையைப் பிள்ளை வாயில் வைத்தால் உள்ளே போய்விடும்.

போன புழுக்கள் மனிதக் குடலில் வளர்வதில்லை. குஞ்சுப் புழுவாகவே ஈரல், நுரையீரல் என்று அலையும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. சிலருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், இருமல், வீசிங், ஈரல் வீக்கம் வரலாம். அபூர்வமாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையே கெடுத்துவிடும்.

இன்னொன்று நாயின் கொக்கிப் புழு. வெறுங்காலோடு நடந்தால் இதன் குஞ்சுகள் தோலைத் துளைத்து நுழையும். தோலில் சிவப்பாக, வளைந்து வளைந்து ஒரு கோடு நாளுக்கு நாள் நீளும். அரிப்பு தாங்காது. நிழலான ஈர மணலில் இது அதிகம்.

ஆக, நீங்கள் அலறுகிற அந்த மலத்தைவிட, யாரும் கவனிக்காத மணல்தான் ஆபத்து. வீடு கட்ட வாசலில் கொட்டி வைத்திருக்கும் மணல் இருக்கிறதே, ராத்திரியில் தெருநாய்க்கும் பூனைக்கும் அதுதான் கழிப்பிடம். பகலில் நம் பிள்ளைகள் அதில்தான் கோபுரம் கட்டுகிறார்கள்! "மண்ணிலே விளையாடட்டும், நல்லதுதானே" என்று விட்டுவிட்டு, தள்ளி நின்று மலத்தைப் பார்த்த பிள்ளையை மட்டும் அடிக்கிறோம்.

சிலர் "வெறிநோய் வருமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். வெறிநோய் நாயின் மலத்தால் வராது. எச்சிலால்தான் வரும். கடித்தாலோ பிறாண்டினாலோ, புண்ணில் அல்லது வாய், கண்ணில் நக்கினாலோ உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். இதில் நாட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

தொட்டுவிட்டால்?

பதறாமல் கையைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், நக இடுக்கு உட்பட நன்றாகக் கழுவுங்கள். வாயில் வைத்துவிட்டால் துடைத்தெடுத்து, வாயைக் கழுவி, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அடுத்த சில நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பல வாரம் கழித்துக் காரணம் தெரியாத காய்ச்சலோ, விடாத இருமலோ வந்தால், "மண்ணில் விளையாடுவான்" என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கருவிழிக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலும், திடீரென்று மாறுகண் விழுந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

மலத்தை அடக்கும் பிள்ளை

இனி அந்தப் பையனுக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் உடம்பின் இயற்கையான உந்துதல்களை 14 வேகங்கள் என்று சொல்வோம். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் எல்லாம் இதில் அடங்கும். மலமும் ஒன்று. எந்த வேகத்தையும் வலிந்து அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் என்பது எங்கள் அடிப்படைப் பாடம்.

பயந்த பிள்ளை அடக்கத்தான் செய்யும். கதவுக்குப் பின்னால் ஒளிந்து, முன்காலை ஊன்றி, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்கும். 'முக்குகிறான்' என்று நினைப்போம். உண்மையில் வருவதைத் தடுத்து நிறுத்துகிறது! அடக்க அடக்க மலம் இறுகும். இறுகியது வெளியேறும்போது வலிக்கும். வலித்ததால் மறுபடி அடக்கும். இப்படியே சுற்றும். சில பிள்ளைகளுக்கு இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராக ஒழுகி ஜட்டியில் படும். பேதி என்று நினைத்து அதற்கும் மருந்து கொடுத்து விடுகிறார்கள்.

பாட்டி சொன்னார் என்று விளக்கெண்ணெயை ஊற்றாதீர்கள். வயிறு பிசைந்து வலித்தால் பயம்தான் கூடும். அந்தப் பையனுக்கு எடை பார்த்து, மலத்தை இளக்கும் மருந்து கொடுத்தேன். பெயர் எழுதினால் அளவு தெரியாமல் வாங்கிக் கொடுத்து விடுவீர்கள், அதனால் எழுதவில்லை. வீட்டில் செய்யச் சொன்னவை இவை: 10 உலர்திராட்சையைக் கழுவி ராத்திரி ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டிய சாறு. தினம் ஒரு கீரை அல்லது நீர்க்காய். அடிக்கடி தண்ணீர். காலைச் சாப்பாடு முடிந்ததும் ஐந்து நிமிடம் பாதம் தரையில் பதிகிற மாதிரிச் சட்டியில் உட்கார வைப்பது. போனால் "நல்ல பிள்ளை", போகாவிட்டால் ஒரு வார்த்தையும் கூடாது.

கடைசியாகச் சொன்ன மருந்துதான் முக்கியம். "தாத்தா மறுபடியும் நடக்கக் கூட்டிட்டுப் போகணும்!"

நடக்கும்போது...

* செருப்புப் போடாமல் வாசல் தாண்டக் கூடாது.

* பிள்ளை நின்றால் நீங்களும் நில்லுங்கள். "ஆமா, நாய் ஆய். கண்ணால பாக்கலாம், கை கால் படக் கூடாது" என்று ஒரே குரலில் சொல்லுங்கள். தினமும் அதே வார்த்தை. மூக்கைப் பிடிப்பது, கத்துவது, சிரிப்பது வேண்டாம்.

* கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஏன் வெள்ளை? எலும்பு தின்ற நாயின் மலம் காய்ந்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் வெளுத்துவிடும். அவ்வளவுதான்!

* பத்து எண்ணிவிட்டு, "வா, அடுத்து ஆட்டுக்குட்டி இருக்கான்னு பாப்போம்" என்று கண்ணை வேறு பக்கம் திருப்புங்கள்.

* வீட்டுக்கு வந்ததும் செருப்பை வாசலில் விட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பிள்ளைக்கு மட்டுமல்ல, தாத்தாவுக்கும்தான்.

* நகத்தை வாரம் ஒரு முறை வெட்டுங்கள். வாசல் மணலைத் தார்ப்பாயால் மூடுங்கள்.

* வீட்டில் நாய் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் புழு மருந்து கொடுங்கள். குட்டிகளுக்கு உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருந்தே வருவதால், பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே மருந்து வேண்டும். நாய் போட்டதை நீங்களே அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

* 2015 முதல் நடக்கும் தேசியக் குடற்புழு நீக்கத் திட்டத்தில் அங்கன்வாடியில் மாத்திரை தருகிறார்கள். தவறாமல் கொடுங்கள். ஆனால் அது மனிதக் குடற்புழுவுக்கு. நாய்ப் புழுத் தொற்று என்று சந்தேகம் வந்தால் தனிச் சிகிச்சை வேண்டும்.

எப்போது டாக்டரிடம்?

பார்ப்பதோடு நிற்காமல் மண், சாம்பல், மலம் என்று ஒரு மாதத்துக்கு மேலாகத் தின்று கொண்டே இருந்தால் ரத்தத்தைப் பரிசோதியுங்கள். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைகளிடம் இப்படிப் பார்க்கிறோம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், வயதுக்கேற்ற பேச்சும் இல்லாமல், ஒரே பொருளில் மூழ்கியிருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலோடு வயிற்று உப்புசம், வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால் தள்ளிப் போடக் கூடாது.

அந்தப் பையனுக்கு மூன்றாம் நாள் மலம் இளகி வந்தது. ஆனால் பயம் முழுதாக விலக இரண்டு மாதம் பிடித்தது. அடித்த அடி ஒரு நொடி, ஆற்றுவதற்கு இரண்டு மாதம்! அதுவரை மருந்தை நிறுத்தவில்லை.

சமீபத்தில் தாத்தாவோடு வந்திருந்தான். நாலு வயதாகப் போகிறது. "இன்னும் நின்னு பாக்கிறானா?" என்று கேட்டேன்.

"எங்கே டாக்டர்... இப்போ எல்லாம் பொக்லைன் வண்டிதான். ரோட்டுல பள்ளம் தோண்டினா ஒரு மணி நேரம் நகர மாட்டேங்கான். நாய் ஆய் கிடந்தா, 'பாத்து வாங்க தாத்தா, மிதிச்சிராதீங்க'ன்னு எனக்குச் சொல்லுதான்!"