பானெட் பூட்டு (பழைய மகிழுந்துகள்)

பானெட் பூட்டு என்பது மகிழுந்தின் எஞ்சின் அறையை மூடும் பானெட், ஓட்டத்தின்போது திறந்துவிடாமல் பிடித்து வைக்கும் அமைப்பு ஆகும். அம்பாசிடர் போன்ற பழைய மகிழுந்துகளில் இதற்கு இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று முதன்மைப் பிடி. மற்றொன்று, அது நழுவினால் பானெட்டைத் தடுக்கும் பாதுகாப்புக் கொக்கி. முதன்மைப் பிடி நன்றாக இருக்கும்வரை கொக்கியின் பழுது வெளியே தெரியாது. எனவே இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

அமைப்பு

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர், 2014 வரை வெளிவந்தது. அதன் பானெட் முன்பக்கம் திறக்கும். கீல்கள் முன்கண்ணாடிக்கு அருகில் உள்ளன. இவ்வகைப் பூட்டில் பானெட்டின் அடியில் ஸ்பிரிங் சுற்றிய முள் ஒன்று இருக்கும். மூடும்போது முள் கீழேயுள்ள துளையில் இறங்கும். நகரும் தகடு அதைப் பிடித்துக்கொள்ளும். வண்டிக்குள் கைப்பிடியை இழுத்தால் கேபிள் அந்தத் தகட்டை விலக்கும். பானெட் சற்று எழும்பிக் கொக்கியில் நிற்கும். கொக்கியை விரலால் தள்ளிய பிறகே முழுவதும் திறக்கும்.

சென்னையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அமைப்பு வேறு. அதன் கீல்கள் முன்னால் இருப்பதால் எதிர்காற்று பானெட்டைத் தூக்காது. இரு பக்கமும் உள்ள நெம்புப் பிடிகள் அதை இறுக்குகின்றன.

ஆபத்து

வேகம் இரு மடங்கானால் காற்றின் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஊர்த்தெருவில் 40 கி.மீ. வேகத்தில் ஆடாத பானெட், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் எழும்பி முன்கண்ணாடியை மறைக்கலாம். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் இச்சாலையை ஒட்டியே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகளும் வருகின்றன. இத்தகைய இடத்தில் சில நொடிகள் சாலை தெரியாமல் போவதே விபத்துக்குப் போதும். முன்பக்கம் திறந்து பார்வையை மறைக்கக்கூடிய பானெட்டுக்கு இரண்டாவது பிடி வேண்டும் என்று அமெரிக்காவின் 113ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி கூறுகிறது.

கோளாறுகளும் சரிசெய்தலும்

* பூட்டாமை: இறுகிய பழைய கிரீஸ், தூசி, தளர்ந்த ஸ்பிரிங், வளைந்த முள் ஆகியவை காரணமாகலாம். மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துப் புதிய கிரீஸ் இட வேண்டும். கேபிள் அதிக இறுக்கமாக இருந்தாலும் தகடு தன் இடத்துக்குத் திரும்பாது.
* திறவாமை: ஒருவர் பானெட்டின் முன்விளிம்பை அழுத்த, மற்றொருவர் கைப்பிடியை இழுத்தால் பெரும்பாலும் விடுபடும். கைப்பிடி அருகே கேபிள் அறுந்திருந்தால், எஞ்சிய கம்பியைக் குறடால் பிடித்து இழுக்கலாம்.
* அதிர்வு: ரப்பர் தாங்கிகள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பிறகு முள்ளின் நீளத்தைச் சிறிது சிறிதாகத் திருகிச் சரிசெய்ய வேண்டும்.
* விலகல்: டிங்கரிங் வேலைக்குப் பின் முள் துளைக்கு நேராக இறங்காமல் போகலாம். முதலில் கீல் போல்ட்டுகளைத் தளர்த்திப் பானெட்டின் இடைவெளிகளைச் சமன்செய்து, கடைசியில் பூட்டைப் பொருத்த வேண்டும்.

சோதனை

பானெட்டை மூடுவதற்கு முன், திறந்த நிலையிலேயே திருப்புளியால் தகட்டை விலக்கி விட்டு, அது தானாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடியை இழுக்கும்போது தகடு முழுவதும் விலகவும் வேண்டும். இதைப் பார்க்காமல் மூடினால் மீண்டும் திறக்க முடியாமல் போகலாம். மூடிய பின் கைப்பிடியை இழுத்து, கொக்கியைத் தொடாமல் பானெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அது எழும்பினால், முதன்மைப் பிடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வண்டி நெடுஞ்சாலைக்குத் தகுதியானதல்ல.

ஓட்டத்தில் பானெட் எழும்பிவிட்டால் திடீரென பிரேக் அடிக்கக் கூடாது. பானெட்டின் அடி இடைவெளி வழியாகவோ பக்கச் சன்னல் வழியாகவோ சாலையைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்தில் நிறுத்த வேண்டும்.