வாடகைக்காரர் வசிக்கும் வீட்டை வாங்குமுன்

ஒரு பகுதியில் தாம் வசித்து, மறுபகுதியின் வாடகையைக் கொண்டு கடனைச் செலுத்த எண்ணி டூப்ளெக்ஸ் வீடு வாங்க விரும்புவோர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும்: வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் முடிவுறுவதில்லை. கியூபெக் குடியியல் சட்டக்கோவையின்படி புதிய உரிமையாளரும் அதே வாடகைக்கும் நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட்டவராவார். எனவே, இரு பகுதிகளிலும் வாடகைக்காரர் இருப்பின் நீங்கள் உடனே குடிபுக இயலாது.

ஒரு பகுதியை உங்களுக்காகவோ பெற்றோர், பிள்ளைகளுக்காகவோ மீளப்பெறலாம். சகோதரருக்காயின், அவரைப் பிரதானமாகப் பராமரிப்பவர் நீங்களாக இருத்தல் வேண்டும். ஓராண்டு ஒப்பந்தமாயின், அது முடிவடைவதற்குக் குறைந்தது 6 மாதங்களுக்கு முன்னர் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். யூன் 30 இல் முடிவடையும் ஒப்பந்தத்துக்கு இறுதி நாள் டிசெம்பர் 31. வாடகைக்காரர் ஒரு மாதத்துள் பதிலளிக்காவிடின், மறுத்ததாகவே கொள்ளப்படும். அதன்பின் ஒரு மாதத்துள் வாடகைக் குடியிருப்புத் தீர்ப்பாயத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். 65 வயதை எட்டி, 10 ஆண்டுகளுக்குக் குறையாது அங்கு வசித்துவரும், குறைந்த வருமானமுடைய வாடகைக்காரரிடமிருந்து பொதுவாக மீளப்பெற இயலாது.

ஆகவே, விலை பேசுமுன் ஒப்பந்தப் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். வாடகையையும் முடிவுத் திகதியையும் கவனியுங்கள். ஐயமிருப்பின் நொத்தாரிசிடம் விளக்கம் பெறுங்கள். முற்பணத்துக்குப் புறம்பாக, 'வரவேற்பு வரி' எனப்படும் உரிமைமாற்ற வரிக்கும் பணம் ஒதுக்குங்கள். வீட்டை வாங்கிய பின்னர் மாநகரசபை அதனை அறவிடும்.